ஒரே லூர், ஒரே தூரம், ஆறுக்கு ஒன்று

ஓடும் படகின் பின்னால் இழுபடும் நான்கு தூண்டில்கள். வெளிப்பக்கம் இருந்த இரண்டில் ஒன்று நண்பனுடையது, ஒன்று என்னுடையது. இரண்டிலும் ஒரே மாதிரி லூர், அதாவது இரையாகக் கட்டும் பொம்மை மீன்: 14 சென்டிமீட்டர் நீளம், மூக்கில் அகலமான பிளாஸ்டிக் தகடு, சும்மா விட்டால் மிதக்கும், இழுத்தால் முங்கும். இரண்டிலும் 30 பவுண்டு பலமுள்ள லைன் (தூண்டில் இழை). இரண்டும் படகிலிருந்து 40 மீட்டர் பின்னால். காலை ஆறரையிலிருந்து பதினொன்று வரை மொத்தம் ஏழு கடி. ஆறு அவனுக்கு, ஒன்று எனக்கு.

உள்பக்க இரண்டு தூண்டில்களையும் எந்த மீனும் திரும்பிப் பார்க்கவில்லை. அவற்றில் மேலாக ஓடும் சின்ன லூர்கள் கட்டியிருந்தோம். அவற்றின் கதை மறுநாள்தான் வருகிறது.

படகு ஓட்டிய அண்ணன் இதை ரொம்ப எளிதாக முடித்துவிட்டார். "தம்பி, மீனுக்கு உங்க முகம் பிடிக்கல, அவ்வளவுதான்." எனக்கு மனசு கேட்கவில்லை. ஏழு கடி என்பது சின்னக் கணக்கு, உண்மைதான். ஆனாலும் அன்று நாங்கள் செய்து பார்த்த சில மாற்றங்களை வரிசையாக எழுதி வைத்திருந்ததால், எது காரணமில்லை என்பதையாவது ஒவ்வொன்றாகக் கழித்துவிட முடிந்தது. கழித்தபின் மிஞ்சியதைத்தான் எழுதுகிறேன்.

முதல் சந்தேகம் எப்போதும் நிறம்தான்

அவனுடைய லூர் நீலமும் வெள்ளியும். என்னுடையது இளஞ்சிவப்பு முதுகு. மூன்றாவது வஞ்சிரமும் அவன் பக்கமே விழுந்ததும், நீலத்தில் ஏதோ இருக்கிறது என்று முடிவுகட்டி லூர்களை மாற்றிக் கட்டினோம். அடுத்த கடியும் அவனுக்கே, அதுவும் என்னுடைய இளஞ்சிவப்பு லூரில். ஆக நிறம் போச்சு. கூடவே, ஒரு லூர் நேராக ஓடுகிறது, இன்னொன்று கோணலாக ஓடுகிறது என்ற சந்தேகமும் போச்சு. கோணல் என்றால் அது லூரோடு சேர்ந்து அவன் பக்கம் போயிருக்க வேண்டுமே.

அடுத்து பக்கம். அவன் இடப்புறம், நான் வலப்புறம். வெயில் விழும் பக்கம், புரொப்பெல்லர் சுழலும் திசை என்று ஆளுக்கொரு தத்துவம். ராடுகளை (தூண்டில் கோல்களை) இடம் மாற்றி வைத்தோம். அவனுடைய ராடு வலப்புறம் வந்தும் ஒரு சீலாவை இழுத்தது. பக்கமும் போச்சு.

இப்படி மாற்றியபோது லூர் மாறியது, இடம் மாறியது. மாறாமல் அவனோடே நின்றது ராடு, லைன் சுற்றும் ரீல், லைன். ராடுக்கும் ரீலுக்கும் தண்ணீருக்குள் வேலையில்லை. லைனைப் பற்றி அந்த நேரத்தில் எனக்கு யோசனையே வரவில்லை, ஏனென்றால் இரண்டிலும் 30 பவுண்டு என்றுதானே எழுதியிருந்தது!

பலம் ஒன்று, பருமன் வேறு

மதியம் கரைக்குத் திரும்பும் முன் ரீல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. என்னுடையது சாதாரண நைலான் நரம்பு. 30 பவுண்டில் அதன் விட்டம் 0.55 மில்லிமீட்டர். அவனுடையது பிரெய்டு, மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்தது. அதே 30 பவுண்டில் 0.28. அதாவது என்னுடையதில் ஏறக்குறைய பாதி. கையில் பிடித்தால் தையல் நூலுக்கும் மாவு மூட்டை கட்டும் நூலுக்கும் உள்ள வித்தியாசம்.

அறுபடாத பலம் மீன் மாட்டிய பிறகுதான் தேவைப்படும். மாட்டும் வரை தண்ணீருக்குத் தெரிவது பருமன் மட்டுமே. 40 மீட்டர் நரம்பு நீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது, அதன் முழு நீளமும் நீரின் எதிர்ப்பை வாங்குகிறது. லூரின் மூக்குத் தகடு கீழே இழுக்கிறது, லைன் மேலே தூக்குகிறது. லைன் தடித்தால் தூக்கும் கை பலமாகிறது.

இந்த இழுபறியில்தான் பலர் தவறும் ஒரு விஷயம் இருக்கிறது. நானும் பல வருடம் தவறினேன். வேகமாகப் போனால் லூர் ஆழமாகப் போகும் என்று ஒரு கட்சி, மேலே வரும் என்று ஒரு கட்சி. தகடு வைத்த லூருக்கு இரண்டும் பெரும்பாலும் சரியில்லை. வேகம் இருமடங்கானால் தகட்டின் மேல் நீரின் அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்காகும், லைன் மேல் உள்ள எதிர்ப்பும் நான்கு மடங்காகும். கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு அணியிலும் ஒரே அளவு பலம் கூடினால் நடுவில் கட்டிய துணி நகராது இல்லையா, அதே கதை. மிக மெதுவாகப் போனால் மட்டும் லூரின் மிதப்பு கொஞ்சம் வேலையைக் காட்டும்.

ஈயம் கட்டி இறக்கினால் கணக்கே வேறு. ஈயத்தின் எடை வேகத்தோடு கூடாது, லைனின் எதிர்ப்பு மட்டும் கூடும். அதனால் வேகம் கூட்டக் கூட்ட ஈயம் சரசரவென்று மேலே ஏறிவிடும். ஈயத்தில் கற்றுக்கொண்டதைத் தகடு லூரில் பொருத்திப் பார்ப்பவர்கள்தான் இந்தச் சண்டையின் ஒரு கட்சிக்காரர்கள்.

தரை தட்டிப் பார்த்தது

யூகம் யூகமாகவே இருக்கக் கூடாது என்று மறுநாள் விடியுமுன், மணல் தரை மெல்ல மெல்ல ஏறிவரும் ஒரு இடத்தில் ஒரு மணி நேரம் செலவழித்தோம். மீன் பிடிக்க வந்தவனுக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். முறை இதுதான்: 9 மீட்டர் ஆழத்திலிருந்து ஆழம் குறையும் பக்கமாக 5 நாட் வேகத்தில் நேராக ஓட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு லூர் மட்டும் தண்ணீரில். லூரின் தகடு மணலைத் தொட்டதும் ராடின் நுனி, வழக்கமான படபடப்பை விட்டு, "டக் டக்" என்று முட்டும். அந்த நொடியில் உள்ள ஆழம்தான் லூர் ஓடும் ஆழம்.

இதில் ஒரு பொறி உண்டு. நுனி முட்டும்போது எக்கோ சவுண்டர் (ஒலி அனுப்பி ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவி) காட்டுவது படகுக்குக் கீழே உள்ள ஆழம். லூர் இருப்பது 40 மீட்டர் பின்னால். 5 நாட் என்பது நொடிக்கு 2.57 மீட்டர். ஆக லூர் இப்போது இருக்கும் இடத்தைப் படகு கடந்து ஏறக்குறைய 15 நொடி ஆகிவிட்டது. திரையில் 15 நொடிக்கு முந்தைய அளவைத்தான் எடுக்க வேண்டும். கூடவே, எங்கள் சவுண்டரின் கண் நீர்மட்டத்துக்கு 40 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது, அதையும் கூட்ட வேண்டும். முதல் இரண்டு ஓட்டத்தில் இதை மறந்து, ஒன்றுக்கொன்று பொருந்தாத எண்களை எழுதிவிட்டு இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டோம்.

சரியாகச் செய்தபின் கிடைத்தது: 40 மீட்டர் பிரெய்டில் லூர் 6.5 மீட்டருக்கு முங்கியது. அதே லூர், அதே 40 மீட்டர், என் நரம்பில் 4.6.

முதல் நாள் சவுண்டரில் மீன் தெரிந்தது பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) மேல், 7 மீட்டரிலிருந்து 8 மீட்டருக்குள். இரை தேடும் மீன் தன் தலைக்கு மேலே போவதைத்தான் நன்றாகப் பார்க்கும், ஏறி வந்து அடிக்கும். கீழே போவதைத் துரத்தி இறங்குவது அபூர்வம். அவனுடைய லூர் மீனின் நெற்றிக்கு மேல் ஒரு முழத்திலிருந்து மூன்று முழத்துக்குள் போனது. என்னுடையது அடுத்த மாடியில் போனது.

சரி, நரம்பிலேயே இன்னும் நீளம் விட்டால் போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 60 மீட்டர் விட்டோம்: 5.2. 80 விட்டோம்: 5.3. அதாவது கடைசி 20 மீட்டரில் கிடைத்தது ஒரு சாண் கூட இல்லை. விடும் ஒவ்வொரு மீட்டர் லைனும் லூரை இறங்க விடுகிறது, அதே சமயம் தூக்கும் லைனும் ஒரு மீட்டர் கூடுகிறது. முதல் 20, 30 மீட்டரில் லாபம் அதிகம், பிறகு தேய்ந்துகொண்டே போய் ஒரு இடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் விடுவதில் கிடைப்பது தூரம் மட்டும், ஆழம் இல்லை. அவனுடைய பிரெய்டை 25 மீட்டருக்குச் சுருக்கிப் பார்த்தபோது 5.3 வந்தது. நான் 80 மீட்டரில் தொட்டதை அவன் 25 மீட்டரில் தொட்டான்!

லூர் பெட்டியில் "6 மீட்டர்" என்று அச்சடித்திருந்தது. எந்த லைனில், எத்தனை மீட்டர் விட்டு என்று அதில் இல்லை. அந்த இரண்டும் இல்லாத ஆழக் கணக்கை நான் இப்போது விளம்பரமாகத்தான் படிக்கிறேன்.

நாற்பது என்பது நாற்பதுதானா

இங்கே என் இன்னொரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நாள் நான் தூரத்தை நொடிக் கணக்கில்தான் அளந்தேன். 5 நாட் வேகத்தில் ரீலைத் தளர்த்தி 16 எண்ணினால் 41 மீட்டர். கணக்கு சரி, ஆனால் லூர் அந்த 16 நொடியும் ஒரே இடத்தில் நிற்கும் என்பதுதான் அதன் அடிப்படை. ஸ்பூல் அவிழ்ந்து சிக்காகாமல் இருக்கக் கட்டைவிரலால் லேசாக அழுத்துகிறோம். அந்த அழுத்தத்திலேயே லூர் முங்கி, படகோடு கொஞ்ச தூரம் கூடவே வந்துவிடுகிறது.

நண்பன் வேறு ஆள். வீட்டிலேயே லைனை அளந்து 20, 30, 40 மீட்டரில் மார்க்கரால் நிறம் தீட்டி வைத்திருப்பான். கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று, கறுப்பு இரண்டு. என் லைனிலும் அப்படிக் குறி போட்டுவிட்டு, பழைய பழக்கப்படி எண்ணி விட்டுப் பார்த்தேன். 34 மீட்டர்தான் போயிருந்தது. ஆக முதல் நாள் என் லூர் 4.6 மீட்டரில் கூட இல்லை, அதற்கும் மேலேதான்.

தூரத்துக்கு ஆழத்தைத் தவிர இன்னொரு வேலையும் இருக்கிறது. படகின் பின்னால் புரொப்பெல்லர் கிளப்பும் வெள்ளை நுரை எங்கள் படகில் 15 மீட்டர் வரை நீளும். அதற்குள் விட்ட லூர் மீனுக்குத் தெளிவாகத் தெரியாது. தெளிந்த தண்ணீரில், ஆழம் குறைந்த இடத்தில், படகின் சத்தத்துக்கு மீன் ஒதுங்கி மறுபடி கூடவும் கொஞ்ச நேரம் வேண்டும். கலங்கிய தண்ணீரிலும் ஆழத்திலும் இவ்வளவு தள்ளிப் போகத் தேவையில்லை. வளைவில் சிக்காமல் இருக்கக் கிட்டே விடுவதே நல்லது.

ஓட்டத்தின் திசை

ஆழம் பாதிக் கதைதான். என் குறிப்பில் கடி விழுந்த திசையையும் எழுதியிருந்தேன், பழக்க தோஷம். நண்பனின் ஆறில் ஐந்து, நீரோட்டத்துக்கு எதிரே போகும்போது. ஒன்றே ஒன்று நீரோட்டத்தோடு போகும்போது. என்னுடைய ஒற்றைக் கடி இன்னும் விசித்திரம்: நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்து, திரும்புவதற்காகப் படகு வளைந்தபோது, வளைவின் வெளிப்பக்கம் இருந்த என் தூண்டிலில்.

இரண்டு திசையிலும் ஜிபிஎஸ் வேகம் 5 நாட் என்று நாங்கள் பெருமையாக வைத்திருந்தோம். ஆனால் ஜிபிஎஸ் சொல்வது தரையை வைத்து வேகம். லூருக்குத் தரை தெரியாது, தண்ணீர்தான் தெரியும். காற்றில்லாத நேரத்தில் எஞ்சினை அணைத்து மிதக்க விட்டுப் பார்த்தோம். 1.5 நாட் காட்டியது. அப்படியானால் எதிரே போகும்போது லூர் உணர்ந்த வேகம் 6.5. கூடப் போகும்போது 3.5. கிட்டத்தட்ட பாதி.

மேலே சொன்னபடி, இந்த வித்தியாசத்தால் ஆழம் பெரிதாக மாறாது. மாறுவது ஆட்டம். ராடின் நுனியைப் பார்த்தாலே தெரியும்: எதிரே போகும்போது நுனி தையல் மெஷின் ஊசி மாதிரி விடாமல் துடித்தது. கூடப் போகும்போது சோம்பலாகத் தலையாட்டியது. வஞ்சிரம் துரத்திப் பிடிக்கும் மீன், சோம்பேறி இரையில் அதற்கு அவ்வளவு ருசியில்லை. வளைவில் வெளிப்பக்கத் தூண்டில் நீண்ட வட்டத்தைச் சுற்ற வேண்டியிருப்பதால் அதன் வேகம் கூடும். என் லூர் அந்த நாளில் நல்ல துடிப்போடு ஓடிய சில நொடிகளில்தான் கடி வாங்கியது. வளைவில் விழும் கடியை நான் இப்போது மீன் தரும் குறிப்பாகவே எடுத்துக்கொள்கிறேன்: வெளிப்பக்கம் என்றால் வேகம் போதவில்லை, உள்பக்கம் என்றால் அதிகம்.

நண்பனின் ஆறில் அந்த ஒன்று, நீரோட்டத்தோடு போகும்போது விழுந்தது, எந்தக் கணக்கிலும் சேரவில்லை. சேர்த்துவைக்க நான் முயலவும் இல்லை.

கடிகளின் நடுவே முக்கால் மணி நேரம் யாருக்கும் எதுவும் இல்லாத ஒரு இடைவெளியும் இருந்தது. அதற்குத் தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை. நண்பனின் ராடு நுனி துடிப்பை நிறுத்தியிருந்ததை அண்ணன்தான் முதலில் பார்த்தார். சுற்றி எடுத்தால் பின் முள்ளில் சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு பாசி. அவ்வளவுதான், அந்த ஒரு இழைக்கே லூர் செத்த குச்சி மாதிரி வந்துகொண்டிருந்தது.

இரண்டாம் நாள்

எல்லாம் தெரிந்துவிட்ட மிதப்பில் என் ரீலிலும் பிரெய்டு ஏற்றிக்கொண்டு போனோம். முனையில் 4 மீட்டர் நரம்பு லீடர், பல்லுக்கு 30 சென்டிமீட்டர் கம்பி. இரண்டு வெளித் தூண்டில்களும் 40 மீட்டர், 6.5 ஆழம். எதிரே போகும்போது ஜிபிஎஸ்ஸில் 5, கூடப் போகும்போது 8. எந்தத் திசையிலும் தண்ணீரில் 6.5.

முதல் ஒன்றேகால் மணி நேரம் ஒன்றுமில்லை. மேலாக ஓடும் உள் தூண்டில்களில் ஒன்றைத் தேவையில்லை என்று சுருட்டியும் வைத்துவிட்டோம். மிச்சமிருந்த ஒன்று, 20 மீட்டரில், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஓடியது, அடுத்தடுத்து இரண்டு வஞ்சிரம் கொடுத்தது. அண்ணன் எங்களைப் பார்க்காமல் கடலைப் பார்த்துச் சிரித்தார்.

சவுண்டரில் பாரின் மேல் மீனே இல்லை, அதை நாங்கள் பார்த்தும் பார்க்காதவர்கள் மாதிரி இருந்துவிட்டோம். வெயில் ஏறாத நேரம், சின்ன மீன் கூட்டம் மேலே நெளிந்துகொண்டிருந்தது, வேட்டை மீனும் அதன் பின்னால் மேலே வந்திருந்தது. இவ்வளவு மேலே இருக்கும் மீனைச் சவுண்டர் பிடிப்பதும் கடினம். 20 பாகைக் கூம்பு என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் ஆழத்தில் அது பார்க்கும் வட்டமே மூன்றரை மீட்டர்தான். 2 மீட்டரில் அது ஒரு முறம் அளவு. எங்கள் 6.5 மீட்டர் லூர்கள் அந்த மீன்களின் வயிற்றுக்கும் கீழே போய்க்கொண்டிருந்தன.

வெளித் தூண்டில் ஒன்றை 10 மீட்டருக்குச் சுருக்கி நுரைக்குள் சிக்கவைப்பதைவிட, லூரையே மாற்றுவது மேல். சின்னத் தகடு லூர் கட்டி 40 மீட்டரிலேயே விட்டேன். வெயில் ஏறி, மீன் மறுபடி பாரின் மேல் 7 மீட்டருக்கு இறங்கும் வரை இரண்டு உயரத்திலும் ஒவ்வொன்று ஓடியது. ஒன்பதரைக்குப் பிறகு ஆழத்து லூர்கள் வேலையைத் தொடங்கின. அன்று மொத்தம் ஒன்பது கடி: மேலே மூன்று, கீழே ஆறு. ஆறில் எனக்கு மூன்று, அவனுக்கு மூன்று. திசையில் எதிரே மூன்று, கூட மூன்று.

ஒன்பதில் இரண்டு மீன் படகருகே வந்து கழன்றது, இரண்டும் என்னுடையவை. நரம்புக்கு இழுபடும் குணம் உண்டு, அது மீனின் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். பிரெய்டு கிட்டத்தட்ட நீளவே நீளாது. நரம்புக்கு வைத்த டிராக்கை (மீன் இழுத்தால் ரீல் எந்த விசையில் லைனை விட்டுக்கொடுக்கும் என்ற பிடிமானத்தை) அப்படியே பிரெய்டுக்கும் வைத்திருந்தேன், லைன் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அடித்த வேகத்தில் முள் வாயைக் கிழித்துத் துளையைப் பெரிதாக்கியிருக்க வேண்டும். மூன்றாவது மீனுக்கு முன் டிராக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு, 2.7 கிலோவுக்கு, தராசு வைத்து இறக்கினேன். அதற்குப் பிறகு கழன்றது இல்லை.

இப்போது ஒவ்வொரு ராடின் பிடியிலும் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறது. அதில் பால்பாயிண்ட் பேனாவால் லூர் பெயர், பக்கத்தில் "25 – 5.3, 40 – 6.5" என்ற மாதிரி எண்கள். புது லூர் வாங்கினால் முதல் அரை மணி மணல் தரையில்தான். போன வாரம் தட்டிப் பார்த்த ஒரு லூரின் பெட்டியில் 8 மீட்டர் என்று இருந்தது. 40 மீட்டர் பிரெய்டில் அது தட்டியது 5.9-இல். டேப்பில் 5.9 என்று எழுதினேன். பெட்டியை அண்ணன் முள் போட்டு வைக்க வாங்கிக்கொண்டார்.